தங்கச்சி வீட்டுக் கராஜைச் சூடாக்கியது

இந்தக் கொப்பியை யாராவது வாசித்தால் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. கையெழுத்தும் கோணல். ஒக்லாந்து நகரில் விரி என்கிற பகுதியில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் உறைந்த இறைச்சிப் பெட்டிகளை அடுக்குவது என் வேலை. விரல்கள் விறைத்து விறைத்து, பேனை பிடிப்பது இப்போது தடி பிடிப்பது போல இருக்கிறது. விளங்காத சொல் வந்தால் தாண்டிப் போங்கள்.

நான் இருப்பது அதே நகரத்தின் லின்ஃபீல்டில், என் தங்கச்சி வீட்டில். சரியாகச் சொன்னால் அந்த வீட்டோடு ஒட்டிய கராஜில். கார் வெளியே மழையில் நிற்கும். நான் உள்ளே. சீமெந்துத் தரை, முன்பக்கம் முழுவதும் சுருண்டு மேலே போகிற தகரக் கதவு, பக்கச் சுவரில் ஒரு யன்னல், வீட்டுக்குள் போக ஒரு சின்னக் கதவு. ஒரு மூலையில் சலவை மெஷின், எதிர் மூலையில் என் கட்டில். வீட்டுக்குள் இரண்டு அறைதான். ஒன்றில் தங்கச்சியும் கணவரும், மற்றதில் அவர்களுடைய இரண்டு மகள்மார். "பிள்ளையள் எங்களோட படுக்கட்டும், நீங்கள் அறையை எடுங்கோ அண்ணை" என்று தங்கச்சி முதல் நாளே சொன்னாள். நான் சம்மதிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் அண்ணன் என்றால் தங்கச்சிக்குக் கொடுக்கிறவன். அவள் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது, ஒரு சீப்பு வாழைப்பழமாவது வேண்டும். அப்படிப்பட்டவன் அவள் வீட்டிலேயே வந்து படுத்தால்? வாடகை தருகிறேன் என்றேன். தங்கச்சி அழுதுவிட்டாள். "அண்ணனிட்டை வாடகை வாங்கிறவள் எண்டு சனம் என்னைச் சொல்லவோ?" ஆகவே வாடகை இல்லை. கொடுத்திருந்தால் ஒரு வாடகைக்காரனைப் போல அது வேண்டும், இது சரியில்லை என்று கேட்டிருக்கலாம். சும்மா இருக்கிறவன் எந்த வாயால் கேட்பது? வேலை கிடைத்த பிறகு ஒவ்வொரு வியாழக்கிழமையும் வாழைப்பழம் வாங்கி வந்தேன். பிள்ளைகளுக்கு இப்போது வாழைப்பழத்தைக் கண்டாலே பிடிப்பதில்லை.

நான் வந்து சேர்ந்தது ஒரு யூன் மாதம். இந்த நாட்டில் யூன், யூலைதான் குளிர்காலம். முதல் நாள் காலை தங்கச்சியின் கணவர் தேநீரோடு கராஜுக்குள் வந்தார். கணினி வேலை செய்கிறவர், நல்ல மனிதர். நாங்கள் ஒருவரை ஒருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சான், ராத்திரி குளிர்ந்ததோ?"

"சீச்சீ, எனக்குக் குளிரேல்லை."

மரியாதைக்குச் சொன்ன சொல் அது. எங்கள் ஆட்களுக்கு இது தெரியும். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்றால் முதல் தரம் வேண்டாம் என்போம். இரண்டாம் தரம் கேட்டால் பேசாமல் இருப்போம். மூன்றாம் தரம் கேட்டால் வாங்கிக் குடிப்போம். நான் இரண்டாம் தரத்துக்குக் காத்திருந்தேன். ஆனால் மச்சான் இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடம் ஆகிறது. இங்கே இல்லை என்றால் இல்லைதான். "வெரி குட்" என்று கோப்பையை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பிறகு சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் எனக்கு வேலை கிடைத்தது. வேறு எங்கும் கிடைக்கவில்லை, ஃபிரீசரில் கிடைத்தது. அந்த வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது மச்சான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு நாலு பேருக்குக் கேட்கச் சொன்னார்: "எங்கட மச்சான் ஃபிரீசர் மனிசன். கராஜுக்குள்ள ஹீட்டர் இல்லாமல் படுக்கிறார். குளிரெண்டால் என்னெண்டு கேப்பார்!" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கூச்சக்காரன் ஒருதரம் சிரித்துவிட்டால் அது கையெழுத்துப் போட்டது மாதிரி. அதன் பிறகு கோயிலுக்குப் போகும்போதெல்லாம் யாராவது "என்ன ஃபிரீசர் அண்ணை" என்பார்கள்.

ஒக்லாந்துக் குளிர் பனி கொட்டும் குளிர் இல்லை. ஈரக் குளிர். காலையில் தகரக் கதவின் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும். போர்வை நனைந்திருக்காது, ஆனாலும் காய்ந்தும் இருக்காது. சூட்கேசின் பின்பக்கம் பச்சையாகப் பூஞ்சணம் பிடித்தது. வேலைக்குத் தந்த தடித்த ஜாக்கெட்டைப் போட்டபடியே படுத்தேன். ஃபிரீசரில் நிற்கிறவர்களை இடையிடையே வெளியே சூட்டறைக்குப் போய்க் கையைக் காய்ச்சிக்கொள்ள விடுவார்கள். கராஜில் அந்த இடைவேளையும் இல்லை.

ஃபிரீசர்க் கதவின் உள்பக்கத்தில் ஒரு பச்சைப் பிடி இருக்கிறது. யாராவது உள்ளே அகப்பட்டுக்கொண்டால் அதைத் தள்ள வேண்டும், வெளியே பூட்டியிருந்தாலும் கதவு திறக்கும். காலையில் அது ஒழுங்காக இருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பதுதான் என் முதல் வேலை. தள்ளும்போது சில நாள் யோசிப்பேன், நான் சொன்ன அந்தச் சொல்லிலிருந்து வெளியே வர எதைத் தள்ளுவது என்று.

இப்படி இரண்டு குளிர்காலம் போனது. வீட்டுக்குள் தங்கச்சி கம்பளித் தொப்பியோடு சமைப்பாள். பிள்ளைகள் ஒரு போர்வைக்குள் இரண்டு பேரும் இருந்து பள்ளிக்கூட வேலை செய்வார்கள். ஹோலில் சுவரின் மேலே, ஏசி மாதிரி இருந்து சூட்டை ஊதுகிற ஹீட் பம்ப் இருந்தது, அது ஓடி நான் கண்டதில்லை. இந்த நாட்டுப் பழக்கம் இதுதான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது குளிர்காலம் தொடங்கும்போது என் மனைவிக்கு விசா வந்தது. இங்கே வருமுன் வேறு நாடுகளில் எனக்குக் கழிந்த நாலு வருடத்தையும் சேர்த்தால், ஆறு வருடமாக ஒருவர் முகத்தை மற்றவர் போனில் மட்டும் பார்த்தவர்கள் நாங்கள். யூலை நடுவில் அவள் வந்து இறங்குவதாக டிக்கெட் போட்டாயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கராஜின் நினைவுதான் வந்தது. அவளுக்கு முட்டு வருத்தம். யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனி கொஞ்சம் கூடினாலே மூச்சு இழுக்கும், நெஞ்சுக்குள் விசில் கேட்கும். அப்படிப்பட்டவள் யூலை மாதத்தில் இந்தக் கராஜுக்குள் எப்படி மூச்சு விடுவாள்? என் ஒருவனுடைய சம்பளத்தில் வேறு வீடு எடுக்க இப்போதைக்கு முடியாது. அவளும் வேலைக்குப் போகும்வரை கராஜ்தான்.

ஆகவே கராஜ் சூடாக வேண்டும். செலவு குறைவாகச் சூடாக வேண்டும். யாருக்கும் தெரியாமல் சூடாக வேண்டும். மூன்றாவதுதான் என்னை வதைத்தது.

வேலை முடிந்து வரும் வழியில் த்ரீ கிங்ஸ் என்கிற இடத்துக் கடைகளுக்குப் போய் ஹீட்டர்களுக்கு முன்னால் நிற்பேன். விற்கிற பெண் கிட்ட வந்தால் அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். விசிறி வைத்த ஹீட்டர் வாங்க மலிவு, ஆனால் இரைச்சல், மின்சாரத்தையும் குடிக்கும். எண்ணெய் ஹீட்டர் சத்தம் போடாது, ஆனால் மணிக்கணக்காகப் போட்டு வைக்க வேண்டும். மின்சாரப் பில்லோ மச்சானின் போனுக்குத்தான் வரும். மின்சாரப் போர்வை எல்லாவற்றிலும் சிக்கனம். அதில் மனம் இரண்டு நாள் நின்றது. பிறகு யோசித்தேன், அது படுக்கையைத்தான் சூடாக்கும், மூக்கால் போகிற காற்றைச் சூடாக்காது. அவளுக்கு வருத்தம் முதுகில் இல்லையே. ஹீட் பம்ப் ஓட்டச் செலவு குறைவு என்று எல்லாரும் சொன்னார்கள். ஆனால் அதற்குச் சுவரில் துளை போட வேண்டும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் யார் சுவரில் துளை போடுவது?

வேலையிடத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு தமிழ்நாட்டுத் தம்பி இருக்கிறான். அவன் மனைவி இங்கே தாதி. எதைக் கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருக்கும்.

"கேஸ் ஹீட்டர் வாங்குங்கண்ணே. சிலிண்டர் உள்ளயே இருக்கும், சக்கரம் வெச்சிருக்கும். கரண்ட் பில்லுல ஒண்ணும் ஏறாது."

"வீட்டில ஒருதருக்கும் தெரியவராதோ?"

அவன் ஃபோர்க்லிஃப்டை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். "ஏண்ணே, நீங்க ஹீட்டர் வாங்குறீங்களா, இல்ல சின்ன வீடு செட்டப் பண்றீங்களா?"

சனிக்கிழமை காலையில் தங்கச்சி குடும்பம் பிள்ளைகளை நடன வகுப்புக்குக் கூட்டிப்போகும். அந்த நேரம் பார்த்து, த்ரீ கிங்ஸில் ஒரு வீட்டில் விற்பனைக்கு வைத்திருந்த பழைய கேஸ் ஹீட்டரை அவன் காரில் ஏற்றி வந்து இறக்கினோம். அவன் போன பிறகு வேலையைத் தொடங்கினேன். தகரக் கதவுக்கும் தரைக்கும் இடையில் கை போகிற அளவு இடைவெளி இருந்தது. அதை முந்திய கிழமையே நுரைப்பஞ்சு வைத்துப் பெரிய டேப்பால் ஒட்டியிருந்தேன். இன்றைக்கு யன்னல் ஓரத்தையும் ஒட்டினேன். வீட்டுக் கதவின் அடியில் இரண்டு துவாயை முறுக்கிச் செருகினேன். சூடு கொஞ்சமும் போகக் கூடாது. பிறகு ஹீட்டரைக் கொளுத்தினேன்.

அது செக்கச் செவேலென்று எரிந்தது. பத்து நிமிடத்தில் ஜாக்கெட்டைக் கழற்றினேன். பிறகு சுவெட்டரை. கடைசியில் சாரமும் பெனியனுமாகக் கட்டிலில் உட்கார்ந்தேன். இந்த நாட்டில் முதல் தரம் என் முழங்கை எனக்கே தெரிந்தது. அவள் இந்த இடத்தில் உட்காருவாள், தேத்தண்ணியை இங்கே வைக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தகரக் கதவில் முத்து முத்தாக நின்ற தண்ணீர் கோடு கோடாக ஓடத் தொடங்கியது. சுவரில் மாட்டியிருந்த முருகன் கலண்டர் நனைந்து சுருண்டது. எனக்கு நெற்றிக்குள் யாரோ தட்டுவது போல இருந்தது. எழும்பினேன், கால் சொன்னபடி கேட்கவில்லை. தகரக் கதவைத் தூக்கினேன். டேப் விடவில்லை. நான் ஒட்டியது, நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறேன். யன்னலை இழுத்தேன், அதுவும் அப்படியே. வீட்டுக் கதவு கராஜ் பக்கமாகத் திறக்கிறது, அடியில் இரண்டு துவாயும் இறுகிக் கிடந்தன. குனிந்தால் தலை சுற்றியது. ஹீட்டரை நிற்பாட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கத்தலாம் என்று நினைத்தேன். கத்தினால் அயலுக்குக் கேட்கும், யாராவது வந்தால் ஏன் இது என்று கேட்பார்கள். அந்த நேரத்திலும் எனக்குக் கூச்சம்தான் வந்தது.

அப்போது வீட்டுக் கதவை யாரோ தள்ளினார்கள். நடன ஆசிரியைக்குச் சுகமில்லை என்று எல்லாரும் நேரத்தோடு திரும்பியிருந்தார்கள். தங்கச்சி உடுப்புத் தோய்க்க வந்திருக்கிறாள்.

"அண்ணை, என்ன கதவு இறுகிக் கிடக்கு? அண்ணை!"

நான் தவழ்ந்து போய்த் துவாய்களை இழுத்தேன். கதவு திறந்தது. அவள் ஒரு மூச்சு இழுத்தாள், ஹீட்டரைப் பார்த்தாள். என் பெனியனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பின்வாசல் படியில் இருத்தினாள். திரும்பிப் போய் யன்னல் டேப்பைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. மழை தூறிக்கொண்டிருந்தது. வெறும் பெனியனோடு நான் நடுங்கினேன்.

"கதவெல்லாம் அடைச்சுப்போட்டு கேஸ் ஹீட்டரோ? உங்களுக்கென்ன விசரோ அண்ணை? நான் வேலை செய்யிற முதியோர் இல்லத்தில உதை வாசலுக்குக் கிட்டவும் விடமாட்டினம். எரியேக்க அவ்வளவும் ஈரம், நஞ்சுக் காத்து. முட்டுக்காரிக்கு இதையோ வாங்கி வைச்சனீங்கள்?" பிறகு அவள் சத்தம் குறைந்தது. "உங்களுக்குத்தான் குளிர்றேல்லையே. குளிருதோ?"

"இல்லை. அவவுக்காகத்தான்..."

"அண்ணை, உங்களுக்குக் குளிருதோ?"

நான் பேசவில்லை.

அவள் என் முன்னால் குந்தி இருந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மூன்றாம் தரமும் கேட்டாள். "குளிருதோ?"

"ஓம்" என்றேன்.

"எப்ப தொடக்கம்?"

"வந்த நாள் தொடக்கம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் எழும்பி நின்று வீட்டுக்குள் பார்த்துக் கத்தினாள். "இஞ்சை வாங்கோப்பா! உங்கட ஃபிரீசர் மனிசனை ஒருக்கா வந்து பாருங்கோ!"

மச்சான் ஒரு கையில் கார்த் திறப்போடு வந்து நின்றார்.

"கேளுங்கோ அண்ணை, உவர் எங்களை ஹீட் பம்பில கை வைக்க விட்டவரோ எண்டு கேளுங்கோ. வாயைத் திறந்தால், 'மச்சான் கராஜுக்குள்ள சும்மா படுக்கிறார், வீட்டுக்குள்ள இருக்கிற உங்களுக்கு என்ன குளிர்' எண்டு. இரண்டு வருஷம் நான் தொப்பியோட சமைச்சன். பிள்ளையள் ரெண்டும் இருமி இருமிப் பள்ளிக்கூடம் போனதுகள். எல்லாம் உங்கட ஒரு சொல்லாலை!"

மச்சானின் காது சிவந்துவிட்டது. "எனக்கும் குளிர்ந்ததுதான் மச்சான்" என்றார் மெதுவாக. "உங்களுக்கே குளிரேல்லை எண்டால் நான் எப்பிடிப் போடுறது? வெக்கமெல்லே?"

நான் மட்டும்தான் உள்ளே அகப்பட்டுக் கிடக்கிறேன் என்று இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். அந்தத் தொப்பி என்னால். அந்தப் போர்வை என்னால். அந்த இருமலைக் கராஜில் படுத்துக்கொண்டு நான் கேட்டிருக்கிறேன். இந்தப் பிள்ளைகளுக்குத்தான் வியாழக்கிழமை வியாழக்கிழமையாக வாழைப்பழம் கொடுத்தேன்.

அன்றைக்கு மத்தியானம் ஹோலில் ஹீட் பம்ப் ஓடியது. எல்லாரும் அதற்குக் கீழே தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்று சாப்பிட்டோம். கராஜுக்கும் ஒன்று மாட்டுவோம் என்று மச்சான் சொன்னார். வேண்டாம் என்று வாய் வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு வேறொன்று சொன்னேன். அந்த வீட்டில் நான் சொன்ன முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும்.

"மெஷின் பிறகு மச்சான். முதல் சுவர். எங்கட ஃபிரீசரில கரண்ட் நிண்டாலும் கனநேரம் குளிர் அப்பிடியே நிக்கும். மெஷின் இல்லை, சுவர்தான் பிடிச்சு வைச்சிருக்கு. குளிரைப் பிடிக்கிற சுவர் சூட்டையும் பிடிக்கும்தானே?"

வேலையிடத்தில் ஒரு பழைய ஃபிரீசர் அறையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். சுவர்ப் பலகைகள் முற்றத்தில் குவிந்து கிடந்தன. இரண்டு பக்கமும் மெல்லிய தகரம், நடுவில் கைச்சாண் தடிப்பில் நுரை. எறியப்போகிற சாமான். ஆனால் கேட்க வேண்டும், அதுவும் இங்கிலிஷில். எங்கள் சுப்பர்வைசர் ஒரு பெரிய சமோவாக்காரர். திங்கட்கிழமை அவர் அறை வாசல் வரை போய்த் திரும்பினேன். செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமை அவரே கதவைத் திறந்துகொண்டு வந்து, என்ன வேண்டும் என்றார். பலகை, வீடு, மனைவி வருகிறாள், குளிர் என்று எனக்குத் தெரிந்த நாலு சொல்லைச் சொன்னேன். அவர் எதையோ கேட்டார், எனக்கு விளங்கவில்லை. திரும்பவும் "வைஃப். கோல்ட்" என்றேன். அவர் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினார்.

மச்சான் ஒரு ட்ரெய்லரை வாடகைக்கு எடுத்து வந்தார். இரண்டு சனி ஞாயிறு வேலை செய்தோம். தகரக் கதவுக்கு உள்ளே பலகையால் ஒரு முழுச் சுவர் எழும்பியது. மற்றச் சுவர்களுக்கும் கூரைக்கும் பலகை. தரையில் கம்பளக் கடையில் மிஞ்சிய துண்டுகள். யன்னலில் கை வைக்கக் கூடாது, ஆபத்துக்குத் திறக்க வேண்டும், காற்றும் வர வேண்டும் என்று மச்சான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீட்டுக் கதவு இப்போது வீட்டுப் பக்கமாகத் திறக்கிறது. உள்ளே நிற்கிறவன் தள்ளினால் போதும். அது நான் கேட்டுச் செய்வித்தது. பிறகு சின்ன எண்ணெய் ஹீட்டர் ஒன்று வாங்கினோம், கடையில் இருந்ததிலேயே சின்னது. முதலாம் எண்ணில் வைத்தால் போதும், கராஜின் குளிர் முறிந்தது. ஜாக்கெட்டை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்தேன். கேஸ் ஹீட்டரைப் பற்றி ஃபோர்க்லிஃப்ட் தம்பியிடம் சொன்னேன். "ஆமாண்ணே, ரூமை அடைக்கக் கூடாதுன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றான்.

மனைவி வந்தாள். கராஜைப் பார்த்து, "நல்ல அறையாய்த்தானே இருக்கு, போனில ஏன் அப்பிடி மூஞ்சையை நீட்டினனீங்கள்?" என்றாள்.

மூன்றாம் நாள் பின்னேரம் தெற்கிலிருந்து குளிர்காற்று அடித்தது. தங்கச்சி தேத்தண்ணியோடு கராஜுக்குள் எட்டிப் பார்த்தாள். மனைவி கட்டிலில் போர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மச்சாள், குளிருதோ?"

"சீச்சீ, எனக்குக் குளிரேல்லை."

நான் திரும்பிப் பார்த்தேன். போர்வைக்கு வெளியே அவளுடைய கால் தெரிந்தது. என் ஃபிரீசர்க் காலுறை, ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி. கவனித்துக் கேட்டால் நெஞ்சுக்குள் மெல்லிய விசில். அவள் இரண்டாம் தரத்துக்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் தங்கச்சியும் இப்போது இந்த நாட்டுக்காரிதான். "ஓகே மச்சாள்" என்று கோப்பையை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"பொறு" என்றேன். "அவவுக்குக் குளிருது. எனக்கும் குளிருது."

மனைவி என்னைப் பார்த்த பார்வை, நான் சந்தியில் சாரத்தை அவிழ்த்து எறிந்தது போல இருந்தது. தங்கச்சி திரும்பி வந்து குனிந்து, ஹீட்டரின் திருகை இரண்டாம் எண்ணுக்குத் திருப்பிவிட்டுப் போனாள். அது டிக் டிக் என்று சூடேறத் தொடங்கியது.

"நல்ல மானக்கேடு" என்றாள் மனைவி, சுவரைப் பார்த்துக்கொண்டு. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சோடி காலுறையைக் கழற்றிக் கட்டிலடியில் போட்டாள்.

இதை எழுதி முடித்தது யூலை மாதம் இருபத்தாறாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.